முடி வறண்டு உடைகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி நகத்தைப் போல உயிரற்றது. அதில் ரத்தம் ஓடுவதில்லை, அதனால் அடிபட்ட முடி தானாக ஆறுவதும் இல்லை. கண்டிஷனர், மாஸ்க், சீரம் என எதைப் போட்டாலும் நடப்பது ஒட்டுப்போடும் வேலைதான். அந்த வேலையைச் சரியாகச் செய்தால், புது முடி வளர்ந்து வரும்வரை பழைய முடி உடையாமல் தாக்குப்பிடிக்கும். ஆனால் என்ன கேடு என்று தெரியாமல் கையில் கிடைத்ததையெல்லாம் பூசினால், பல நேரங்களில் கேடு கூடத்தான் செய்யும்.

எனவே முதலில் கேடு எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளர்கிறது. வேரிலிருந்து 12 செ.மீ. வரை வழவழப்பாக இருந்து, அதற்குக் கீழே திடீரென்று சொரசொரப்பு தொடங்கினால், சுமார் ஒரு வருடத்துக்கு முன்பு செய்த ப்ளீச்சையோ ஸ்மூத்னிங்கையோ சந்தேகப்படலாம். நுனி 5 செ.மீ. மட்டும் மோசமென்றால் அது வயதான முடியின் தேய்மானம். முகத்தை ஒட்டிய முடி மட்டும் உடைந்தால் ஸ்ட்ரெய்ட்னரும் இறுக்கிக் கட்டுவதும் காரணமாகலாம். வேரிலிருந்தே வறண்டு வளர்ந்தால் கோளாறு பெரும்பாலும் உடலிலோ தலைத்தோலிலோ தண்ணீரிலோ இருக்கும்.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. சீப்பில் வந்த முடிகளில் பத்தை வெள்ளைத் தாளில் வைத்து முனைகளைப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் குட்டையாக இருந்தால் நடுவில் உடைந்தது. இரண்டாவது, குளித்த பிறகு ஈரமாக உதிர்ந்த முடி ஒன்றை இரு கைகளாலும் மெல்ல இழுப்பது. நல்ல முடி 10 செ.மீ. நீளம் இருந்தால் 13 செ.மீ. வரை இழுபட்டு, விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பும். எவ்வளவு இழுபடுகிறது, திரும்புகிறதா, சட்டென்று அறுகிறதா என்பதை நினைவில் வையுங்கள். முடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். முடியில் ஒட்டிய எண்ணெயும் காற்றுக்குமிழும்கூட அதன் முடிவை மாற்றிவிடும்.

குளித்த அன்று பரவாயில்லை, மறுநாள் பரட்டை

எல்லாவற்றிலும் எளிதாகத் தீரும் கோளாறு இது. முடியின் வெளிப்புறம் மீன் செதில் போல அடுக்கடுக்காக இருக்கும். அந்தச் செதில்களின் மேல் இயற்கையாகவே மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. டை, ப்ளீச், வெயில், தேய்ப்பு எல்லாம் சேர்ந்து அதை அழித்ததும், முடியின் மேற்பரப்பு தண்ணீரை விரட்டுவதை விட்டு உறிஞ்சத் தொடங்கும், எதிர்மின்னூட்டமும் ஏறும். கண்டிஷனரில் உள்ள பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னூட்டம் கொண்டவை. அதனால்தான் அவை கேடு அதிகமுள்ள இடத்தில் அதிகமாக ஒட்டுகின்றன. சேதமான முடிக்கு ஒரே ஒரு பொருள் வாங்க முடியுமென்றால் கண்டிஷனரை வாங்குங்கள். எந்த விலையுயர்ந்த சீரமும் அந்த இடத்தைப் பிடிக்காது.

தோளளவு முடிக்கு 5 முதல் 10 மி.லி. ஷாம்பு போதும். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் கரைத்து, தலைத்தோலில் மட்டும் விரல் நுனிகளால் தேயுங்கள். அலசும்போது வழியும் நுரையே நீளத்தைச் சுத்தமாக்கிவிடும். முடியை உச்சியில் குவித்துத் துணி கசக்குவது போலக் கசக்கினால் செதில்கள் நிமிரும், சிக்கும் விழும். பிறகு முடியைப் பிழிந்து தண்ணீரை வடித்துவிட்டு 10 முதல் 15 மி.லி. கண்டிஷனரைக் காதளவிலிருந்து நுனி வரை தடவுங்கள். தண்ணீர் சொட்டும் முடியில் தடவினால் பாதி கண்டிஷனர் வடிந்து போகும். 2, 3 நிமிடம் விட்டு, அகலப் பல் சீப்பால் ஒருமுறை வாரி, அலசுங்கள்.

துவட்டும்போது துண்டால் பரபரவென்று தேய்க்காமல் பழைய பருத்தி பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருக்கும்போதே கழுவத் தேவையில்லாத வகைக் கண்டிஷனரை நுனிகளில் பட்டாணி அளவு தடவினால் மறுநாள் பரட்டை பெருமளவு குறையும். இதையெல்லாம் செய்து 3, 4 முறை குளித்த பிறகும் மாற்றமே இல்லையென்றால் காரணம் வேறு என்று எடுத்துக்கொண்டு கீழே செல்லுங்கள்.

எண்ணெய் வைத்தும் வறட்சி போகவில்லை

எண்ணெய் முடிக்கு ஈரத்தைத் தருவதில்லை. தண்ணீரின் போக்குவரத்தைக் குறைக்கிறது, உராய்வைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதிலும் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலம் நேரான, சிறிய சங்கிலி என்பதால் முடிக்குள் நுழைகிறது. மினரல் ஆயில் மேலேயே நிற்கும். சூரியகாந்தி எண்ணெயும் தேங்காய் எண்ணெய் அளவுக்கு உள்ளே போவதில்லை. உள்ளே போன எண்ணெய், கழுவும்போது முடி தண்ணீர் குடித்து ஊதுவதையும் அதனால் புரதம் கரைந்து போவதையும் குறைக்கிறது. ஆகவே தேங்காய் எண்ணெய்க்குச் சரியான நேரம் குளிப்பதற்கு முன்புதான்.

தோளளவு முடிக்கு 1 தேக்கரண்டி, இடுப்பளவுக்கு 2 அல்லது 3 தேக்கரண்டி. உலர்ந்த முடியில் நீளத்துக்கும் நுனிக்கும் தடவி, குறைந்தது ஒரு மணி நேரம் விட்டுக் கழுவுங்கள். எண்ணெய் வழிய வழிய வைப்பதால் கூடுதல் பலன் இல்லை. அதை நீக்க இரண்டு மூன்று முறை ஷாம்பு போட வேண்டிவரும், வறட்சி அங்கேயே திரும்பி வந்துவிடும். விளக்கெண்ணெய் மிகக் கெட்டியானது. நீளமான, சேதமான முடியில் தனியாகத் தடவினால் ஒட்டிக்கொண்டு சிக்காகும்.

செதில் செதிலாக உதிரும் தலைத்தோலை வறட்சி என்று நினைத்து எண்ணெய் வைப்பவர்களும் நிறைய. மஞ்சளோ பிசுக்கோ கலந்த செதில், கூடவே அரிப்பு என்றால் அது பொடுகு. அதற்குக் காரணமான மலசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வாழ்வது, எண்ணெய் வைப்பது அதற்கு விருந்து. கீட்டோகோனசோல் 2% ஷாம்புவை வாரம் இரண்டு முறை, தலைத்தோலில் 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு, 2 முதல் 4 வாரம் போடலாம். போட்டதும் உடனே அலசிவிட்டால் மருந்து வேலை செய்ய நேரமே இருக்காது. இவ்வகை ஷாம்புகள் நீளத்தை உலர்த்தக்கூடும், அதனால் நீளத்துக்குக் கண்டிஷனர் கட்டாயம்.

கழுவிய பிறகும் மங்கல், மெழுகு பூசியது போன்ற பிசுக்கு, கூடவே சொரசொரப்பு

பிசுக்கும் சொரசொரப்பும் சேர்ந்து வந்தால் முடியின் மேல் ஏதோ படிந்திருக்கிறது. ஒன்று சீரம் போன்றவற்றில் வரும் சிலிகான் பூச்சுகள், இல்லையென்றால் கடினநீரின் கால்சியமும் மக்னீசியமும்.

எது என்று பிரிப்பது கடினமில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) எடுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். வடிநீரில் நுரை பொங்கி, குழாய்த் தண்ணீரில் நுரை எழாமல் பால் போலத் திரிந்து நின்றால் கடினநீர்தான். ஷாம்புவையோ பாத்திரம் கழுவும் திரவத்தையோ போட்டுச் சோதிக்கக் கூடாது, அவை கடினநீரிலும் நுரைக்கும்.

தண்ணீர் கடினமில்லை, ஆனால் சீரமும் ஹேர் ஸ்பிரேயும் தினமும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் சோடியம் லாரெத் சல்ஃபேட் என்ற நுரைப்பொருள் உள்ள சாதாரண ஷாம்புவால் 2 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு தடவை கழுவினாலே படிவு போகும். சல்ஃபேட் முடிக்கு விஷம் என்ற பேச்சு மிகை. சிலிகானைப் போட்டுக்கொண்டே சல்ஃபேட்டை முழுதாக ஒதுக்குபவர்களுக்குத்தான் இந்தப் படிவுத் தொல்லை அதிகம்.

கடினநீர் என்றால் அந்த ஷாம்பு போதாது. உலோக அயனிகளைப் பிடித்து இழுக்கும் கீலேட்டிங் ஷாம்பு வேண்டும். பொருள் பட்டியலில் டெட்ராசோடியம் ஈடிடிஏ, சோடியம் குளுக்கோனேட், பைட்டிக் அமிலம் ஆகியவற்றில் ஒன்றாவது முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலின் கடைசியில், வாசனைக்கும் கீழே டைசோடியம் ஈடிடிஏ இருந்தால் அது பொருள் கெடாமலிருக்கத் துணைக்குச் சேர்த்தது, முடியில் படிந்ததை எடுக்காது. கீலேட்டிங் ஷாம்புவை நீளத்திலும் தடவி 3 முதல் 5 நிமிடம் விட வேண்டும். ஷாம்புவை நீளத்தில் தடவச் சொல்லும் ஒரே இடம் இதுதான். அலசியதும் கண்டிஷனர் 5 நிமிடம். 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். இடைப்பட்ட நாட்களில் கடைசி அலசலை மட்டும் 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் செய்தால் படிவு தாமதமாகும்.

5% வினிகர் 1 மேசைக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் கலந்து அலசுவதும் ஓரளவு உதவும், செதில்களும் படியும். எலுமிச்சைச் சாற்றைக் கலக்காமல் ஊற்றக் கூடாது, அதன் பி.எச். 2 அளவில், அதாவது கடும் அமிலமாக இருக்கும். சமையல் சோடாவால் கழுவுவது அதைவிட மோசம். அது அமிலத்துக்கு எதிரான காரம், செதில்களை விரித்து, முடிக்கு முடி உராயச் செய்யும்.

ஈரத்தில் ரப்பர் போல இழுபடுகிறது, திரும்பவில்லை

இதுதான் உண்மையான அவசரநிலை. இழுத்த முடி நீண்டுகொண்டே போய் நூலாக அறுந்தால், அல்லது ஈரத்தில் கூழ் போல வழுவழுத்தால், கேடு செதிலைத் தாண்டி உள்ளே போய்விட்டது. முடிக்கு உறுதி தருவது கெரட்டின் இழைகளைக் கோக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள். ப்ளீச் அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்து உடைக்கிறது. அப்படி உடைந்தவை பழையபடி சேர்வதில்லை. முடியை நிரந்தரமாக நேராக்கும் காரக் கிரீம்களும் அதே பிணைப்பைத்தான் தாக்குகின்றன. ஏற்கெனவே ப்ளீச் செய்த முடியில் இவற்றைப் போடுவதுதான் தலைமுடியை இழப்பதற்கான நிச்சயமான வழி.

செய்ய வேண்டியவை:

1. டை, ப்ளீச், ஸ்மூத்னிங், சூடு எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று அதன்மேல் இன்னொரு ப்ளீச் போடாதீர்கள்.

2. கூழாகிவிட்ட பகுதியை வெட்டிவிடுங்கள். மனம் வராது, தெரியும். ஆனால் அந்தப் பகுதி எப்படியும் உடையத்தான் போகிறது, உடையும்போது ஒழுங்கில்லாமல் உடையும்.

3. மிஞ்சியதற்குப் புரத மாஸ்க். பட்டியலில் ஹைட்ரோலைஸ்டு கெரட்டின், ஹைட்ரோலைஸ்டு கோதுமைப் புரதம், ஹைட்ரோலைஸ்டு பட்டுப் புரதம் என்று இருக்க வேண்டும். ஹைட்ரோலைஸ்டு என்றால் துண்டுகளாக உடைத்தது. முட்டையைப் பூசினால் அந்தப் புரதம் பெரிய மூலக்கூறாக இருப்பதால் உள்ளே நுழையாது. சூடான தண்ணீரில் அலசினால் முடியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

4. வரிசை முக்கியம்: ஷாம்பு, பிறகு புரதம் 10 நிமிடம், அலசல், பிறகு கண்டிஷனர். 2 வாரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் இழுவைச் சோதனையைத் திரும்பச் செய்து, இழுபட்ட முடி மீளத் தொடங்கியதும் மாதத்துக்கு ஒருமுறையாகக் குறையுங்கள்.

5. ஈரமாக இருக்கும்போது வாராதீர்கள், பின்னாதீர்கள், ஈரத்தோடு தூங்காதீர்கள்.

உடைந்த பிணைப்பைச் சீரமைப்பதாகச் சொல்லி விற்கப்படும் மாலியேட் வகைப் பொருள்களை ப்ளீச்சோடு சேர்த்தோ, செய்த உடனேயோ பயன்படுத்தினால் பலருக்கு முடி உடைவது குறைகிறது. அவையும் கூழான முடியை மீட்காது.

மீண்டும் ரசாயனம் செய்தே ஆக வேண்டுமென்றால், வேரில் வளர்ந்த புது முடிக்கு மட்டும், 8 முதல் 12 வார இடைவெளியில். முன்பு செய்த பகுதியில் கிரீம் படியவே கூடாது. அதற்கு அங்கே கண்டிஷனரோ வாசலினோ பூசி மறையுங்கள். உலோக உப்பு கலந்த மருதாணிப் பொடி போட்ட தலையில் டையிலும் ப்ளீச்சிலும் உள்ள பெராக்சைடு பட்டால் சூடேறி முடி கருகக்கூடும். என்ன போட்டோம் என்று சந்தேகமிருந்தால், உள்பக்கத்திலிருந்து கத்தரித்த சிறு கற்றையில் சோதித்த பிறகே தலைக்குப் போகவும்.

விறைத்து, வைக்கோல் போல ஒடிகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். இழுத்தால் கொஞ்சமும் நீளாமல் சட்டென்று முறியும். பலரும் இதைப் பார்த்துவிட்டு இன்னும் கெரட்டின் வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ஷாம்பு, கண்டிஷனர், மாஸ்க், சீரம் நான்கிலும் புரதம் இருந்தால் படிந்த புரதமே முடியை விறைக்க வைக்கலாம். 4 வாரத்துக்குப் புரதமுள்ள எல்லாவற்றையும் நிறுத்தி, ஒருமுறை சல்ஃபேட் ஷாம்புவால் கழுவி, பிறகு வெறும் கண்டிஷனரை 5 முதல் 10 நிமிடம் விட்டு அலசிவாருங்கள். மென்மை திரும்பினால் காரணம் அதுதான்.

திரும்பவில்லையா? மருதாணியை அடிக்கடி போட்டதாலும் விறைப்பு வரும். அதன் சாயம் கெரட்டினோடு பிணைந்துகொள்வதால் கழுவி எடுக்க முடியாது. இனி வேருக்கு மட்டும் போடுவதுதான் வழி. இரண்டும் இல்லையென்றால் ஸ்ட்ரெய்ட்னர் போன்ற கருவிகளின் சூடு காரணமாகலாம்.

நீளத்தில் வெள்ளைப் புள்ளிகள், அந்த இடத்திலேயே முறிவு

பேன் முட்டையான ஈர் என்று பயந்துவிடுவார்கள். ஈர் முடியின் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும், பெரும்பாலும் தோலுக்கு அருகில் இருக்கும். இந்தப் புள்ளி முடியின் தண்டிலேயே இருக்கும். மடக்கினால் அந்த இடத்தில் மளுக்கென்று முறியும், முறிந்த முனை பெயிண்ட் பிரஷ் போல விரிந்திருக்கும். செதில் தேய்ந்து உள்ளிருக்கும் நார் பிதுங்கியதுதான் அந்தப் புள்ளி.

பொதுவான காரணம் ஈரமுடியில் ஸ்ட்ரெய்ட்னர். முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் தண்டுக்குள் குமிழிகளை உண்டாக்குகிறது. கருவியை வைத்ததும் 'உஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால் அது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் குமிழியை எந்த மாஸ்க்கும் மூடாது.

ஸ்ட்ரெய்ட்னரை விட முடியாதவர்களுக்கு அளவுகள்: மெல்லிய அல்லது ப்ளீச் செய்த முடிக்கு 150 டிகிரி செல்சியஸுக்குள், நடுத்தர முடிக்கு 180, முரட்டு முடிக்கும் 200-ஐத் தாண்டக் கூடாது. வெப்பநிலை காட்டாத கருவியைச் சேதமான முடிக்குப் பயன்படுத்தாதீர்கள். 2 செ.மீ. அகலக் கற்றையாகப் பிரித்து, ஒரே இழுப்பு, எங்கும் நிறுத்தாமல். வெப்பத்தடுப்பு ஸ்பிரே அடித்தால் அது முழுதாக உலர்ந்த பிறகே கருவி படலாம். ஹேர் டிரையர் என்றால் 15 செ.மீ. தள்ளி, கையை ஆட்டிக்கொண்டே, மிதமான சூட்டில். டிரையரே கூடாது என்பதும் சரியல்ல. அடர்ந்த முடி மணிக்கணக்கில் ஈரத்தில் ஊறிக் கிடப்பதும் அதன் உள்ளடுக்குகளை ஊதவைத்துக் கெடுக்கிறது.

நுனி வெடிப்பு

கத்தரி தவிர மருந்து இல்லை. ஒட்டவைப்பதாகச் சொல்லும் சீரம் அடுத்த குளியல் வரை ஒட்டவைக்கும். வெடிப்பு முடிந்த இடத்துக்கு 1 செ.மீ. மேலே, முடி வெட்டும் கூரான கத்தரியால் நேராக வெட்டுங்கள். காகிதம் வெட்டும் கத்தரி முனையை நசுக்கிப் புது வெடிப்பைத் தொடங்கிவைக்கும். கையால் பிளந்து இழுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட வேண்டும், பிளவு மேலே ஏறும்.

வாரும்போது கொத்துக் கொத்தாக அறுகிறது

நேரான முடி ஈரத்தில் பலவீனமானது. கண்டிஷனரோடு ஒருமுறை வாருவதைத் தவிர, அதை முக்கால்வாசி உலர்ந்த பிறகே வாருங்கள். சுருள்முடியை உலர்ந்து வாரினால்தான் அறும், கண்டிஷனர் தடவிய ஈரத்திலேயே சிக்கெடுத்துவிட வேண்டும். எந்த முடியானாலும் நுனியிலிருந்து தொடங்கி, சிக்குக்கு மேலே கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, சிறிது சிறிதாக மேலே செல்லுங்கள்.

உச்சியில் குட்டை முடிகள் நிமிர்ந்து நிற்கின்றன

முனையைப் பாருங்கள். ஊசி போலக் கூர்ந்திருந்தால் புதிதாக வளரும் முடி, விட்டுவிடுங்கள். மொட்டையாகவோ பிரிந்தோ இருந்தால் உடைந்தது. தினமும் ஒரே இடத்தில் ரப்பர் பேண்ட் போடுகிறீர்களா என்று யோசியுங்கள். நெற்றியோரத்தில் இழுப்பு வலிக்கும் அளவுக்கு இறுக்கிக் கட்டுவது பல ஆண்டு தொடர்ந்தால் வேர்க்காலே அழிந்து அங்கே முடி திரும்ப வளராமல் போகலாம். இறுக்கத்தை இன்றே தளர்த்துங்கள்.

வெள்ளைக் குமிழோடு உதிர்கிறது, அல்லது வேரிலேயே வறண்டு வளர்கிறது

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை தலைக்குக் குளித்தால் அன்று கூடுதலாகத் தெரியும். திடீரென்று பல மடங்கானால், 2, 3 மாதத்துக்கு முன்பு கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, வேகமான எடைக் குறைப்பு ஏதாவது நடந்ததா என்று எண்ணிப் பாருங்கள். அந்த அதிர்ச்சியில் ஓய்வுக்குப் போன முடிகள் இப்போது ஒன்றாக விழுகின்றன. பெரும்பாலும் 6 மாதத்துக்குள் தானாக அடங்கும், எண்ணெயோ மாஸ்க்கோ அதை நிறுத்தாது.

அப்படி எதுவும் நடக்கவில்லை, முடி வேரிலிருந்தே முரடாகவும் வறண்டும் வளர்கிறது, கூடவே சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, புருவத்தின் வெளிக்கோடியில் முடி குறைதல் என்றால் தைராய்டு சுரப்புக் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவரிடம் தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ஆகிய ரத்தப் பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள். பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு முன்பு அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அது தைராய்டு பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டக்கூடும்.

வட்டமாகத் திட்டுத் திட்டாக முடி இல்லாமல் போவது, தோலில் எரிச்சல், வலி, சீழ் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். குழந்தையின் தலையில் செதிலோடு, முடி குட்டையாக ஒடிந்த திட்டு இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். பூஞ்சை முடியின் வேருக்குள் இருப்பதால் மேலே தடவும் களிம்பு போதாது, வாய்வழி மருந்து தேவைப்படும். தாமதித்தால் தழும்பு விழுந்து அந்த இடத்தில் முடி முளைக்காமலே போகவும், ஒரே சீப்பைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்குத் தொற்றவும் வாய்ப்புண்டு. தோல் மருத்துவரைப் பார்க்கும்வரை அந்தக் குழந்தையின் சீப்பு, துண்டு, தலையணை உறையைத் தனியாக வையுங்கள்.